பந்திப் பாறை இருந்த பக்கம்

நம்மூர்க் கல் குவாரியின் மேற்குப் பக்கத்தில் துணி துவைத்தவர்கள் உங்களில் இன்னும் ஏழெட்டுப் பேராவது இருப்பீர்கள். ஆளுக்கொரு ஊரில் இருக்கிறீர்கள். திருச்சியில் இரண்டு பேர், அறந்தாங்கிப் பக்கம் வாக்கப்பட்டுப் போனவள் ஒருத்தி, கணவனோடு சிங்கப்பூரில் ஒருத்தி. எல்லோருக்கும் முழங்கால் வலி தொடங்கிவிட்ட வயது. நாம் நாலாம் வகுப்பு முடித்த கோடையைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை நீங்கள் என் முன்னால் ஒருநாளும் பேசியதில்லை. என்மீது வைத்த இரக்கத்தால்தான் பேசவில்லை என்று தெரியும். அந்த இரக்கத்துக்கு நான் தகுதியானவளா என்பதை இதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அந்த வருடம் கண்மாய் மாசியிலேயே வற்றிவிட்டது. நடுவில் மாட்டுக் குளம்புகள் பதிந்த சேறு கொஞ்சம் கிடந்து, அதுவும் வெடித்துவிட்டது. மிச்சமிருந்த தண்ணீர் குவாரியில்தான். கிழக்குப் பக்கம் அப்போதும் வேலை நடந்தது. வெளியூர் ஆட்கள், லாரிகள், நாளெல்லாம் சல்லி உடைக்கிற சத்தம். நடுவில் ஒரு பாறைச் சுவர். அதற்கு இந்தப் பக்கம், பழைய ஆட்கள் வெட்டிவிட்டுக் கைவிட்ட பள்ளம். அதில் ஊற்றும் மழையும் சேர்ந்து நின்ற தண்ணீரின் நிறத்தை நினைத்துப் பாருங்கள். பச்சைப் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்தது போல இருக்கும்.

அந்தப் பக்கத்துக்கு ஆண்கள் வரமாட்டார்கள். பெண்கள் குளிக்கிற இடம் என்று எப்போதோ பிரித்துவிட்டார்கள். ஆடு தேடி வருகிறவர்கூடத் தைலமரக் காட்டின் ஓரத்திலேயே நின்று, "உள்ள ஆளு இருக்காகளா?" என்று குரல் கொடுப்பார். நாம் சிரித்துக்கொண்டே, "இல்ல, மீனுதான் இருக்கு!" என்போம். அவர் திரும்பிப் போய்விடுவார். நம்மூரில் எந்த ஆணும் பந்திப் பாறையைப் பார்த்தது கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

பந்திப் பாறை என்று பெயர் வைத்தது யார் என்று தெரியவில்லை. பாய் விரித்தது போலத் தட்டையாகத் தண்ணீருக்கு மேல் நீண்டிருந்தது. பந்தியில் உட்காருவது போல இருபது பேர் வரிசையாக உட்கார்ந்து துவைக்கலாம். அதன் அடியில் கல்லை வெட்டி எடுத்துவிட்டார்கள், அது வெறும் காற்றிலும் தண்ணீரிலும் நீட்டிக்கொண்டிருந்தது என்பதெல்லாம் இப்போதுதான் புரிகிறது. அப்போது அது நமக்கு ஒரு நிழல். காலைத் தொங்கவிட்டு ஆட்டினால் அந்த நிழலிலிருந்து குஞ்சு மீன்கள் வந்து விரலைக் கடிக்கும். அந்தக் கோடையில் தண்ணீர் ஆள் உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டதால் கால் எட்டவில்லை. வாளியில் கயிறு கட்டி இறைத்துத்தான் துவைத்தோம்.

என் அக்காவும் அத்தை மகளும் அப்போதுதான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தார்கள். இருவருக்கும் பதினாறு. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒரே வாசல். இரண்டு பேரும் ஒரே சீப்பில் தலைவாரி, ஒரே ரிப்பனைக் கத்தரித்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள். பரீட்சை முடிந்ததும் கீரனூருக்குப் போய்த் தட்டச்சு படிக்க வேண்டும் என்று திட்டம் வைத்திருந்தார்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அம்மிக்கல்லின் மேல் பத்து விரலையும் வைத்துத் தட்டிப் பழகியதை நான்தான் பார்த்திருக்கிறேன்.

அம்மனுக்குக் காப்புக் கட்ட நான்கு நாள் இருந்தது. காப்புக் கட்டுவதற்கு முன்னால் வீட்டில் இருக்கிற கந்தல்வரை துவைத்தாக வேண்டும். காலையில் இருவரும் போர்வை, ஜமுக்காளம், தலையணை உறை எல்லாவற்றையும் இரண்டு அன்னக்கூடைகளில் அமுக்கி வைத்துத் தூக்கினார்கள்.

"நானும் வாரேன்" என்றேன்.

"நீ வந்தா ஒன்னையத் தொவைக்கத்தான் நேரம் சரியா இருக்கும். போடி அங்கிட்டு" என்றாள் அக்கா.

அத்தை மகளுக்கு என்மேல் கொஞ்சம் பிரியம் உண்டு. "விடுடி, வரட்டும். காயப்போடுற போர்வ பறக்காம இருக்க ஒரு கல்லு வேணும்ல?"

"நான் ஒண்ணும் கல்லு இல்ல."

"சரி, கல்லு இல்ல. உருண்ட கல்லு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் அழுதேன். அம்மா உள்ளேயிருந்து, "இவள ஏன் இழுக்குறீக? புளி கெடக்கு எனக்கு" என்று என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். நான் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு புளியங்கொட்டை எடுத்தேன். அவர்கள் தைலமரக் காட்டுக்குள் திரும்புகிறவரை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. கோபம்.

உச்சி நேரத்தில் கிழக்குப் பக்கம் மூன்று விசில் அடித்தார்கள். பிறகு வெடி. வழக்கம்போல ஓட்டிலிருந்து மண் உதிர்ந்து புளியில் விழுந்தது. அதற்குப் பின்னால் விசில் இல்லாமல் இன்னொரு சத்தம் வந்தது. முதல் சத்தம் காதில் விழுந்தது. இரண்டாவது, தரையில் உட்கார்ந்திருந்த என் தொடையில் விழுந்தது.

"அம்மா, இன்னொண்ணு."

"குன்றுல பட்டுத் திரும்புது. கொட்டைய எடு."

மூன்று மணி ஆகியும் அவர்கள் வரவில்லை. அத்தை தேடிக்கொண்டு போனார். வெடிக்காத குழி ஒன்று பாக்கி இருப்பதாகச் சொல்லி குவாரிக் காவல்காரர் சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு தைலமரக் காட்டோரமே மறித்துவிட்டார். "அங்கிட்டு யாருமில்லம்மா. துணிமணி ஒண்ணுமில்ல. அப்பவே போயிட்டாக போல" என்று சொன்னாராம். அவர் என்ன பார்த்தார், பார்த்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. அத்தை, மறுபக்கப் பாதையில் வந்திருப்பார்கள் என்று வீட்டுக்குத் திரும்பினார். வீட்டில் இல்லை. கோயிலில் இல்லை. அதன் பிறகுதான் ஊர் கூடியது.

ஆண்கள் முதல்முறையாக மேற்குப் பக்கம் போனார்கள். பெண்களைக் காட்டோரப் புளியமரத்தோடு நிறுத்திவிட்டார்கள். "பொணம் எடுக்க வேண்டியிருந்தாலும் இருக்கும். காப்புக் கட்டப் போற நேரத்துல பொம்பளைக அங்க வரப்படாது" என்று பெரியவர் ஒருவர் சொன்னார். அம்மாவும் அத்தையும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பள்ளத்தின் ஒவ்வொரு விளிம்பையும் அறிந்த முப்பது பெண்கள் மரத்தடியில் நின்றார்கள். அதைக் கண்ணாலும் கண்டிராத ஆண்கள் தேடினார்கள். நான் சின்னப் பிள்ளை என்பதால் கால்களுக்கு இடையில் நுழைந்து போய்விட்டேன்.

அங்கே பந்திப் பாறை இல்லை.

அது இருந்த இடத்தில் செங்குத்தான சுவர். புதிதாக உடைத்த தேங்காய் போல வெள்ளையாக இருந்தது. தண்ணீர் பச்சையாக இல்லை, பால் விட்ட டீ மாதிரி இருந்தது. மாமா, அத்தையின் கணவர், இடுப்பில் வடக்கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி இறங்கி ஏறினார். ஒவ்வொரு தடவையும் மூச்சு வாங்கிக்கொண்டு, "தெரியல, அடி தெரியல" என்றார். மேலே நின்றவர்கள் அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. கல் குவாரி என்றால் கல் உடைந்துதானே இருக்கும்?

நான் புளியமரத்துக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். "அம்மா, பந்திப் பாறையக் காணோம். தண்ணிக்குள்ள போயிருச்சு. அக்காவும் அதோட..."

வாயிலேயே அடித்தாள். உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. "அந்த வாயக் கழுவு! ஒனக்குக் கருநாக்குடி. நீ சொன்னது நடந்துரும்டி பாவி!"

எங்கள் வீட்டில் எனக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது. ஒருமுறை கன்றுக்குட்டி செத்துப்போகும் என்று விளையாட்டாகச் சொன்னேன். இரண்டு நாளில் செத்துவிட்டது. அன்றிலிருந்து யார் பயணம் கிளம்பினாலும் என்னை வீட்டுக்குள் அனுப்பிவிடுவார்கள். அம்மா அடித்ததும் எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. பாறை விழுந்ததால் அக்கா போகவில்லை. நான் வாயால் சொன்னதால்தான் போகப் போகிறாள். இனிமேல் அதைச் சொல்லக் கூடாது. சொல்லாவிட்டால் வந்துவிடுவாள்.

ஒன்பது வயதில் நான் இப்படி நினைத்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. நான் சொன்னதை அம்மா கேட்டாள். கேட்டுவிட்டு, முப்பது வருடம் கேட்காதவளாகவே இருந்தாள். அதுதான் ஆச்சரியம்.

மறுநாள் ஸ்டேஷனில் இருந்து ஓர் ஏட்டு வந்தார். அவர் கேட்ட கேள்விகள் நியாயமானவைதான். "துணி கெடந்துச்சா? செருப்பு? கூடை? ஒண்ணும் இல்லையா? தண்ணியில விழுகுற புள்ள கூடையையும் தூக்கிக்கிட்டா விழும்? துணியோட போயிருக்குகன்னா பஸ்ஸு ஏறியிருக்குக." அதற்கு முந்தின மாதம்தான் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆள் சேர்க்க ஓர் ஏஜென்ட் ஜீப்பில் வந்து போயிருந்தார். அக்கா அவரிடம் நின்று பேசியதை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். தட்டச்சுக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டிருப்பாள். எல்லாம் பொருந்திப் போயிற்று.

பொருந்தாமல் நின்றவர் மாமா ஒருவர்தான். "ரெண்டு ஆயில் இன்ஜின் போட்டு எறச்சுருவோம். பத்து நாளு. அடியப் பாத்துட்டா மனசு தீந்துரும்" என்றார்.

அப்பா சொன்னார்: "பத்து நாளு இங்கனயே கெடந்தா, அதுக்குள்ள அங்கிட்டு புள்ளைகள எங்க கொண்டுபோயி விடுவானோ மாப்ள? இன்னைக்கே திருப்பூருக்கு ஏறணும்."

ஊர் இரண்டாகப் பிரிந்தது. இரண்டாகப் பிரிந்தால் நம்மூரில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கிணறு வெட்ட, பெண் எடுக்க, பாகம் பிரிக்க, எல்லாவற்றுக்கும் செய்வதுதான். பூக்கட்டிப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் காலை. வெள்ளை வந்தால் பிள்ளைகள் தண்ணீரில் இல்லை, உயிரோடு இருக்கிறார்கள், திருப்பூருக்குப் போவது. சிவப்பு வந்தால் பள்ளத்தை இறைப்பது. பூசாரி அப்படித்தான் அம்மன் முன்னால் நின்று சத்தமாகக் கேட்டார். எடுத்துக் கொடுக்க ஒரு சிறுமி வேண்டும். என்னைக் குளிப்பாட்டி ஈரப் பாவாடையோடு நிறுத்தினார்கள். உங்களில் மூன்று பேர் எனக்குப் பின்னால் நின்றீர்கள். ஒருத்தி என் முதுகைக் கிள்ளி, "வெள்ளைய எடுடி" என்று கிசுகிசுத்தாள். யார் என்று எனக்குத் தெரியும். உன்மேல் குற்றமில்லை.

வழக்கமாக அதற்கு வாசமில்லாத நந்தியாவட்டைதான் கட்டுவார்கள். அந்த வருட வெயிலில் கோயில் நந்தியாவட்டைச் செடி காய்ந்து குச்சியாக நின்றது. அதனால் பூசாரி வெள்ளைக்கு மல்லிகையையும் சிவப்புக்கு அரளியையும் பூவரச இலையில் மடித்து, நூல் சுற்றி, குலுக்கிப் போட்டார். இரண்டும் ஒரே அளவு, ஒரே இலை. நான் குனிந்தேன். இடதுபக்கப் பொட்டலத்திலிருந்து மல்லிகை வாசம் வந்தது. சந்தேகமே இல்லாமல் வந்தது. பெரியவர்கள் ஐந்தடி தள்ளி நின்றார்கள். சாம்பிராணிப் புகை அவர்கள் பக்கம் போயிற்று. எனக்கு மட்டும்தான் அந்த வாசம்.

நான் என் வாயால் சொன்னதை அழிக்க எனக்குக் கிடைத்த இடம் அது. இடது பொட்டலத்தை எடுத்தேன்.

பூசாரி பிரித்து உயர்த்திக் காட்டியதும் பெண்கள் குலவை போட்டார்கள். அந்தக் குலவையை நீங்கள் மறந்திருக்க முடியாது. அத்தை என்னைத் தூக்கிச் சுற்றினார். அம்மா, இரண்டு நாள் முன்பு கிழித்த என் உதட்டில் முத்தம் வைத்தாள். மாமா கோயில் படியில் உட்கார்ந்து, தோளில் கிடந்த வடக்கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில் அழுதார். என் வாழ்க்கையில் என்னை அவ்வளவு பேர் அவ்வளவு அன்பாகப் பார்த்தது அந்த ஒருநாள்தான். எனக்குச் சர்க்கரைப் பொங்கலில் முந்திரியாகப் பொறுக்கிக் கொடுத்தார்கள். நான் தின்றேன்.

திருப்பூருக்குப் போகிறவர்களுக்குப் படம் வேண்டியிருந்தது. அக்காவின் படம் என்று வீட்டில் இருந்தது பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ ஒன்றுதான். அதைக் கொண்டுபோக மற்ற வீடுகள் விடவில்லை. "எங்க வீட்டுப் பொண்ணு மொகத்த எதுக்குக் கண்ட கம்பெனியில காட்டணும்?" என்றார்கள். அதனால் அப்பா கத்தரிக்கோலை எடுத்து இரண்டு தலைகளை மட்டும் வட்டமாக வெட்டினார். எட்டணாக் காசு அளவில் இரண்டு முகங்கள். அவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்கள். எட்டு நாள் கழித்துத் திரும்பியபோது முகங்கள் இல்லை. பஸ்ஸில் வேர்வையில் ஊறி ஒட்டிக்கொண்டதாம், பிரித்தபோது கிழிந்துவிட்டதாம். மிச்சப் படத்தில் இரண்டு பெண்களின் தாவணியும் மடித்த கைகளும் இருந்தன. கழுத்துக்கு மேல் ஓட்டை.

அவர்கள் வெறுங்கையோடு வந்தாலும் ஒரு செய்தியோடு வந்தார்கள். இந்த ஜாடையில் இரண்டு பிள்ளைகளை ஒரு கம்பெனி வாசலில் பார்த்ததாக ஒரு டீக்கடைக்காரர் சொன்னாராம். அந்தச் செய்தி போதுமானதாக இருந்தது. அம்மன் சொன்னது சரி என்றாயிற்று. தள்ளிவைத்திருந்த காப்பைக் கட்டித் திருவிழா நடந்தது. பள்ளத்தைச் சுற்றி முள் அடைத்தார்கள், பெண்கள் இனி அங்கே போகக் கூடாது என்று. நீங்களும் போகவில்லை. போயிருந்தால் யாராவது பார்த்திருப்பீர்கள்.

அடுத்து நடந்ததை நீங்கள் வெளியிலிருந்து பார்த்தீர்கள். நான் உள்ளேயிருந்து சொல்கிறேன். முதல் வருடம் அம்மா அழுதாள். இரண்டாம் வருடம் ஒரு கடிதமாவது போடக் கூடாதா என்று கேட்டாள். மூன்றாம் வருடத்திலிருந்து கோபம் வந்துவிட்டது. "எங்கயோ ராசாத்தி கணக்கா இருக்கா. நம்ம நெனப்பு எதுக்கு அவளுக்கு?" என்பாள். நல்ல சேலை கட்டிய பெண்ணைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்பா அறுப்பு முடிந்ததும் ஒவ்வொரு வருடமும் திருப்பூருக்குப் போய்க் கம்பெனி வாசல்களில் நின்றார். கண் தெரியாமல் போகும்வரை போனார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு இடத்தில், "மூத்தவ ஓடிப்போன வீடாம்ல" என்று திரும்பிப் போனார்கள். அன்று அம்மா கொல்லையில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "அவ நல்லா இருப்பாளா" என்றாள். என் அக்காவை, என் அம்மா.

நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கல்லூரி முடித்திருந்தேன். அடியில் வெட்டப்பட்ட பாறை, தாங்கிய தண்ணீர் இறங்கியதும் என்ன ஆகும், அதன் மேல் ஒரு வெடி அதிர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கூடையும் செருப்பும் சோப்பும் ஏன் கிடைக்கவில்லை என்றும் தெரியும். பாறையோடு எல்லாமும் போயிற்று. சொல்லியிருக்கலாம். அம்மா அந்தக் கோபத்தில்தான் உயிரோடிருக்கிறாள், அதைப் பிடுங்கிவிட்டால் போய்விடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி பொய். அக்கா திருப்பூரில் இருப்பது எனக்கும் வசதியாக இருந்தது. அங்கே இருக்கும்வரை நான் ஒன்றும் செய்யவில்லை.

அப்பா போனார். மாமா போனார். அம்மா ஆறு வருடம் முன்பு, கடைசிவரை வைதுகொண்டே போனாள்.

இப்போது ஏன் எழுதுகிறேன்? போன மாதம் என் மகள் திருச்சியில் டியூஷன் முடிந்து வரவில்லை. அவளுக்கும் பதினாறு. வழக்கமாக ஐந்தரை பஸ்ஸில் கீரனூரில் இறங்குவாள். ஆறு, ஆறரை. போன் அணைந்து கிடந்தது. நான் செருப்பில்லாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து, "ஸ்டேஷனுக்கெல்லாம் போகாத. வயசுப் பொண்ணு, பேரு கெட்டுப்போகும். கொஞ்சம் பொறு" என்றார். நல்ல மனிதர். என் அப்பாவும் நல்ல மனிதர். நான் நடுச்சாலையில் நின்று அவரைப் பார்த்துக் கத்திய கத்தலில் கடைக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

ஏழு மணிக்கு அவள் இறங்கினாள். பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது, போனில் சார்ஜ் இல்லை. அவ்வளவுதான். அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

"ஏம்மா இப்படி மானத்த வாங்குற? எல்லாரும் பாக்குறாங்க" என்றாள். பிறகு கொஞ்சம் சிரித்துக்கொண்டு, "பெரியம்மா மாதிரி ஓடிப்போயிட்டேன்னு நெனச்சியா?"

அவள் பெரியம்மாவைப் பற்றி அறிந்ததெல்லாம் அது ஒன்றுதான். நான் வளர்த்த பிள்ளை அது. நான் கொடுத்த செய்தி.

அடுத்த நாள் ஊருக்குப் போனேன். அத்தை மட்டும்தான் மிச்சம். எண்பதை நெருங்குகிறார். இரண்டு ஆட்டுக்குட்டிகளோடு அதே வாசலில் இருக்கிறார். என்னைக் கண்டதும், "வாத்தா. புள்ள நல்லா இருக்கா?" என்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பிறகு எப்போதும் சொல்வதைச் சொன்னார். "அவளுக்கு இந்தப் பங்குனியோட அம்பத்திமூணு முடியுது. பேரன் பேத்தி எடுத்திருப்பா. அங்கெல்லாம் சீக்கிரமே கட்டிக்குடுத்துருவாகளாம்ல?"

நான் அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாறை, வெள்ளைச் சுவர், அம்மா அடித்தது, மல்லிகை வாசம். அத்தை ஆட்டுக்குட்டியின் காதை நீவிக்கொண்டே கேட்டார். நடுவில் கை நின்றுவிட்டது.

"பந்திப் பாறையா?" என்றார். "அது விழுந்துருச்சா?"

"அன்னைக்கே அத்தை."

ஆட்டுக்குட்டியை மெல்ல ஒதுக்கிவிட்டார். பிறகு கேட்டார். "செவப்ப எடுத்திருந்தா எறச்சிருப்பாகளா?"

"எறச்சிருப்பாங்க அத்தை."

"ஒங்க மாமா கடைசியில அதத்தான் கேட்டுக்கிட்டே கெடந்தாரு. 'எறச்சிருக்கலாமோ, எறச்சிருக்கலாமோ'ன்னு. சாமி சொன்ன பெறகு என்ன பேச்சுன்னு நான் வஞ்சேன். சாகக் கெடக்குற மனுசன வஞ்சேன்டி." எழுந்து உள்ளே போனார். வாசற்படியில் நின்று, திரும்பாமல், "போயிரு. இப்ப எம் மொகத்துல முழிக்காத" என்றார்.

நான் பஸ் ஏறி வந்துவிட்டேன். அதைத் தவிர வேறெதையும் நான் எதிர்பார்த்திருக்கக் கூடாது.

நான்கு நாள் கழித்துத் திங்கட்கிழமை காலையில், முதல் பஸ்ஸில் வந்து கீரனூரில் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். துவைத்த வெள்ளைச் சேலை, கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே வரவில்லை. என் முகத்தைப் பார்க்கவுமில்லை. "இன்னைக்குத்தான கலெக்டர் ஆபீசுல மனு வாங்குவாக? ஒனக்குத்தான் எழுதத் தெரியும். கெளம்பு" என்றார்.

புதுக்கோட்டைவரை பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனோம். அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். என் மகளும் கூட வந்தாள். அவளிடம் ஊரிலிருந்து திரும்பிய அன்றே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவள்தான் அத்தைக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

கைவிட்ட குவாரியை இறைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் மனு. வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றோம். மேசையில் இருந்தவர் இளைஞர், பொறுமையாகத்தான் படித்தார். "அம்மா, பழைய கேஸ்ல வீட்ட விட்டுப் போனதா முடிச்சிருக்கும். அங்க ஒரு பாறை இருந்துச்சு, அது விழுந்துச்சுன்னு நீங்க ஒருத்தர்தான் சொல்றீங்க. அதுவும் அப்ப சின்னப் புள்ள. பாத்தவங்க வேற யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்க" என்றேன். "கேட்டு எழுதி வாங்கிட்டு வாரேன்."

அதற்காகத்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன். அந்தப் பாறையில் உட்கார்ந்தவர்கள் நீங்கள். ஒரு தாளில் நாலு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். முடிந்தால் நேரில் வாருங்கள். என்னை மன்னிக்க வேண்டியதில்லை. வந்தால் போதும்.

அந்த இளைஞர் மனுவின் மேல் எண் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் ஏற்ற விவரம் கேட்டார். அத்தையின் பெயர், ஊர், கணவர் பெயர். எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன். கடைசியாக, "காணாமப்போனவங்க, இவங்க மகள்... வயசு என்னம்மா இப்ப?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"பதினாறு" என்றார்.

"இல்லம்மா, இப்போதைய வயசு."

"பதினாறுதான் தம்பி" என்றார் அத்தை. "எழுதிக்கங்க."